உத்தேசம்

பம்பலப்பிட்டியில், தையற்கடைக்கு மேல்மாடியில்,
முட்டைத் தட்டுகள் ஒட்டிய சுவர்களுக்குள்
பிஸ்கட்டுக்கும் சலவைத்தூளுக்கும் வாசிப்போம்.
முப்பது வினாடி, சிலவேளை பதினைந்து.
மூன்று மொழியில் வரி மாறும்.
தாளத்துக்கு மட்டும் ஒரே சம்பளம்.

வவுச்சர் எழுதும் குசுமலதாதான் முதலில் கண்டாள்.
அடையாள அட்டை இலக்கங்களைப் பதிந்துகொண்டே வந்தவள்
பேனையை அந்தரத்தில் நிறுத்தி
"உங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளா?" என்றாள்.
ட்ரம்பெட் ஜுமாட்டுக்கு ஐம்பத்தொன்பது, பிறகு இருநூற்றெண்பத்தொன்பது.
எனக்கு எழுபத்தொன்று, பிறகு அதே இருநூற்றெண்பத்தொன்பது.
மெட்டுப் போடும் இவோனுக்கு எழுநூற்றெண்பத்தொன்பது.
பெண் என்றால் அரசாங்கம் ஐந்நூறு கூட்டிவைக்கும்,
வேறெதிலும் கூட்டித் தராதது.
கழித்துப் பார்த்தால் அவளும் அன்றுதான்:
ஒக்டோபர் பதினைந்து.

அன்றிலிருந்து வருடம் ஒரு கேக்.
காலி வீதி பேக்கரியில் வாங்கியது,
மூன்று பெயருக்கு இடம் போதாமல்
பெயரே இல்லாத கேக்.

ஜுமாட்டிடம் ஒரு சீஆர் கொப்பி இருந்தது.
கொம்பனித்தெரு வீட்டில், விடியற்காலையில்,
மரண அறிவித்தல்களில் பிறந்த தேதி தேடுவார்.
அந்தத் தேதிக்காரர்களில் இசைக்காரர் மட்டும் கொப்பிக்குள்:
கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் மணியடித்தவர்
(மணியும் வாத்தியம்தான் என்று வாதாடுவார்),
பொலிஸ் பேண்டில் ஆகப் பெரிய குழலை ஊதியவர்,
தவிலை விற்றுச் செட்டியார் தெரு நகைக்கடையில்
கணக்கெழுதப் போனவர்,
மருதானையில் ஹார்மோனியம் பழுதுபார்த்தபடி
நானூறு மெட்டுப் போட்டு
ஒன்றையும் ஒருவருக்கும் விற்காதவர்.
நாற்பத்தொரு பேர்.
நாற்பத்திரண்டாவதாய் என்னை எழுதினார்,
தபேலா, உயிருடன், பச்சை மையில்.

ஆறு கேக் வரை நான் வாய் திறக்கவில்லை.

என் பிறந்தநாள் எனக்குக் கச்சேரியில் கிடைத்தது.
பாட்டுக் கச்சேரியல்ல,
வாங்கில் காத்திருந்து முத்திரை வாங்கும் கச்சேரி.
பதிவேடு எரிந்திருந்தது.
அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம்
அன்று மழை, மருத்துவிச்சி
ஒற்றைச் செருப்போடு வந்தாள் என்பதுதான்.
மழையை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார்,
சுவரில் நாட்காட்டியைப் பார்த்தார்,
அன்றைய தேதியையே போட்டார்.
உத்தேச வயதுச் சான்றிதழ்.
மரியாதையான சொல், உத்தேசம்.
பொய்யென்றும் சொல்லாது,
மெய்யென்றும் கையெழுத்து வைக்காது.

ஏழாவது கேக்கன்று மின்சாரம் போயிற்று.
தகரத்தில் மழை. மெழுகுதிரி எப்படியும் இருந்தது.
அந்த இருட்டில் சொல்லிவிட்டேன்.

இவோன் சிரித்தாள், நெடுநேரம்,
கீபோர்டின் செத்த கட்டைகள்மேல் நெற்றியை வைத்து.
ஜுமாட் சிரிக்கவில்லை.
கொப்பியை எடுத்தார். பச்சைப் பெயரில் விரல் வைத்தார்.
"இதில் தான் பிறந்ததைக் கண்ணால் கண்டவன் எவன்?"
என்று நாற்பத்தொரு பேரிடமும் கேட்டார்.
பிறகு என்னிடம்:
"ஆனாலும் ஆறு கேக் தின்றிருக்கிறாய்."
உத்தேசத்துக்கு முதலெழுத்து எது என்றார்.
கொம்பனித்தெருத் தமிழில் பேசுவார், எழுத வராது.
மேசைத் தூசியில் எழுதிக் காட்டினேன்.
பார்த்து வரைந்தார், பென்சிலால், என் பெயருக்கு மேலே,
வாலைக் கொஞ்சம் நீட்டி:
உ
அதைத்தான் நாங்கள்
எதையும் தொடங்குமுன் தாளின் உச்சியில் போடுவோம் என்று
அவருக்குத் தெரியாது.
அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மின்சாரம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.
இஞ்சி பிஸ்கட், சிங்களம், முப்பது வினாடி.
"அரை இடம் பிந்தி எடுத்தாய்," என்றாள் இவோன்,
காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கி.
திரும்ப எடுப்போமா என்று கேட்டேன்.
யோசித்தாள்.
ஜுமாட் அதற்குள் ட்ரம்பெட்டைச் சரித்து
எச்சிலைத் தரையில் வடித்துக்கொண்டிருந்தார்.